ஆறு கதவுகளும் ஒரு மஞ்சள் டேக்கும்

அக்கா,

இன்று காலை நேர்முகத் தேர்வுக்கு வந்திருந்த ஒரு பெண்ணின் இடது மணிக்கட்டில் கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. நீல மைப் பேனாவால் வரைந்த கடிகாரம். வட்டம் முட்டைபோல நெளிந்திருந்தது. பட்டை ஒரு பக்கம்தான் இருந்தது. மறுபக்கத்தை வரைந்து முடிப்பதற்குள் இவள் கையை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவந்திருக்க வேண்டும். முட்கள் இரண்டும் மேலே பார்த்து நின்றன. நம் யாழினி வரைந்த கடிகாரங்களிலும் எந்நேரமும் பன்னிரண்டு மணிதான், உங்களுக்கு நினைவிருக்கும்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதவளப் பிரிவு அதிகாரி படிவத்தைப் புரட்டிவிட்டு, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல, “கல்யாணம் ஆயிடுச்சுன்னு போட்டிருக்கீங்க. குழந்தை?” என்றார்.

“இல்ல சார்,” என்றாள் அந்தப் பெண். சொல்லும்போதே சுடிதார் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டேன். அந்த ‘இல்ல சார்’ஐ அதே அவசரத்தோடு சொன்ன இன்னொருத்தியை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நீங்கள் அவளை ‘பி.எஸ்சி’ என்று கூப்பிடுவீர்கள்.

அந்தப் பெயர் எனக்கு வந்தது குன்றத்தூர் லைன் வீட்டுக்கு நான் குடிவந்த முதல் நாள். ஆறு போர்ஷன், ஒரு அடிபம்பு, இரண்டு குளியலறை. எதிர்ச் சுவருக்கு மேலே மலைக்கோயில் படிகள் தெரியும். இடுப்பில் ஒன்றரை வயது யாழினியோடு நான் பாத்திர மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் குடத்தில் தண்ணீர் அடித்தபடியே கேட்டீர்கள்.

“இன்னா படிச்சிகீற?”

“பி.எஸ்சி கெமிஸ்ட்ரி.”

“அப்பா! ஆசிட் ஊத்தி பாத்ரூம் கழுவறதுக்கு ஒரு ஆளு கெடச்சாச்சி,” என்று ஆறு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தீர்கள். யாழினி உங்களைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் கோபம்கூட வந்தது. அந்த வாரக் கடைசியில் குளியலறையை உண்மையிலேயே நான்தான் கழுவினேன். நீங்கள் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினீர்கள்.

உங்களுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட. வல்லம் வடகாலில் உங்கள் மாமனாரின் நிலம் தொழிற்பேட்டைக்குப் போயிருந்தது. பிற்பாடு நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனி அந்தப் பக்கம்தான். கார் உதிரி பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனி. “எங்க மாமனாரு நாத்து நட்ட எடத்துல நீ பெயின்ட் அடிச்சிகினு கீற. நல்லா காயட்டும்,” என்பீர்கள். அதில் வருத்தம் எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று நான் ஒருபோதும் கண்டுபிடித்ததில்லை.

நீங்கள் ஒப்பந்தக்காரர் மூலம் பல கம்பெனிகளில் வேலை பார்த்தவர். ஒரு கம்பெனியில் கேன்டீன், ஒன்றில் கூட்டித் துடைப்பது, ஒன்றில் பெட்டி ஒட்டுவது. ஒப்பந்தம் முடியும், வேறு கம்பெனி, வேறு டேக். கழுத்தில் மாட்டும் அட்டையும் அதன் நாடாவும் சேர்ந்து நமக்கு டேக். பச்சை, சிவப்பு, ஊதா, மஞ்சள் என்று உங்கள் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு குவியலே கிடந்தது. “எனக்கு நகை சேரல, இது சேந்துகினே போவுது,” என்பீர்கள்.

அந்தக் குவியலுக்கு வேலை வந்தது என் வீட்டுக்காரர் அழுத அன்று. அவர் ஒரகடத்தில் லாரி கம்பெனியில் இருந்தார். வாரம் ஒரு ஷிப்ட் மாறும். எனக்கும் மாறும். யார் எப்போது வீட்டில் இருப்பார் என்று எங்களுக்கே சில நாள் தெரியாது. ஒரு மதியம் அவர் திரும்பி வந்தபோது வீடு பூட்டியிருந்தது, குழந்தை இல்லை. நான் வேலையில், போன் லாக்கரில். தெருமுனைவரை ஓடித் தேடிவிட்டு வந்து பம்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். யாழினியோ உங்கள் வீட்டில், உங்கள் மகள் தேவிக்குப் பக்கத்தில், சாத்திய கதவுக்குப் பின்னால் ஃபேன் காற்றில் தூங்கிக்கொண்டிருந்தாள். நீங்களும்தான்.

அன்று மாலை நீங்கள் டேக்குகளை எடுத்து வீட்டுக்கொன்றாகக் கொடுத்தீர்கள். “சொந்தக் கதவுல தொங்கினா, நைட் ஷிப்ட் முடிச்சவ உள்ள தூங்கறா, தட்டக் கூடாது. அடுத்த வூட்டுக் கதவுல தொங்கினா, கொயந்த அங்க கீது. அவ்ளோதான். இதுக்கு பி.எஸ்சி படிக்கத் தேவல்ல.”

அவ்வளவுதான் அக்கா, அந்த ஏற்பாடு. எழுதி வைக்கவில்லை, கூட்டம் போடவில்லை. ஆறு கதவுகளில் ஆறு நிற நாடாக்கள். பம்படியில் நின்று ஒரு தரம் பார்த்தால் போதும், எந்தக் குழந்தை எந்த வீட்டில் என்று தெரிந்துவிடும். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் ஆண்கள்கூட முதலில் கதவுகளைத்தான் பார்ப்பார்கள். எனக்கு நீங்கள் கொடுத்தது மஞ்சள். எங்கள் கம்பெனி கேன்டீனில் நீங்கள் இருந்த காலத்து டேக். காலாவதியான அட்டை அதற்குள்ளேயே இருந்தது. அந்தப் படத்தில் நீங்கள் எண்ணெய் வழியத் தலைவாரி, போட்டோ எடுத்தவரை முறைத்துக்கொண்டிருப்பீர்கள்.

என் சொந்த டேக்கும் மஞ்சள்தான். இதில் ஒரு வம்பு காத்திருக்கிறது என்று நம் ஆறு வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் பொய்யை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் கம்பெனியில் என்னையும் இன்று மாதிரித்தான் கேட்டார்கள். நானும் இன்று மாதிரித்தான் ‘இல்ல சார்’ என்றேன். சின்னக் குழந்தை இருந்தால் ஷிப்டுக்கு ஒத்துவராது என்று ஒப்பந்தக்காரரின் ஆள் வெளியிலேயே எச்சரித்திருந்தார். பொய்யைச் சொல்வது சுலபமாக இருந்தது. அதோடு வாழ்வதுதான் வேலையாக இருந்தது. யாழினிக்குக் காய்ச்சல் வந்தால் எனக்குக் காய்ச்சல் என்று விடுப்பு கேட்பேன். அவளுக்கு அம்மை போட்டபோது எனக்கு அம்மை. லேபில் என் பெயரே ‘காய்ச்சல் மேடம்’. “கொயந்தைக்கு மூக்கு ஒழுவுது, போ, நீ மூக்க சிந்திகினு போன் போடு,” என்று வாசலில் நின்று ஒத்திகை பார்த்து அனுப்புவீர்கள்.

ஏன் இத்தனை பாடு என்று ஜெசிந்தா ஒரு நாள் கேட்டாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மூன்றாவது போர்ஷனில் இருந்தவள். அவளும் ஷிப்டுக்காரிதான். “ஏட்டி, ஒரு ரெண்டு வருசம் வீட்டுல இருந்தாத்தான் என்ன? வேலை ஓடியா போயிரும்?” அவள் கேட்டது அன்பில்தான். என் வீட்டுக்காரரும் அதையேதான் வேறு மாதிரி சொன்னார். ஒப்பந்தத்தில் இருந்து என்னை நிரந்தரம் செய்வார்களா என்று அந்த ஆண்டு முடிவாகும். செய்யாவிட்டால் வேலையை விட்டுவிடுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தோம்.

குடும்பத்துக்காக வேலைக்குப் போகிறேன் என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் போன பிறகு உங்களிடம் உண்மையைச் சொன்னேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பெயின்ட் உலர்ந்த தகட்டை மேசையில் வைத்து, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதன்மேல் டேப் ஒட்டி ஒரே இழுப்பில் பிய்த்தெடுக்கும் சோதனை. ஒரு கட்டம்கூடப் பெயராமல் நின்றால் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி வரும். அந்த நேரத்தில் எனக்கு யாழினியின் நினைவு இருக்காது. நினைவில்லாமல் இருந்தது மாலையில் நினைவுக்கு வரும், அப்போது என்னை நானே திட்டிக்கொள்வேன். இதையெல்லாம் முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து உங்களிடம் சொன்னேன்.

நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். தலையைத் தூக்காமல், “புடிச்சிருந்தா செய்யி. அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற? புடிக்காத வேலைக்கே நான் அழாம போய்கினு கீறேன்,” என்றீர்கள். பிறகு கீரையில் பாதியை என் பக்கம் தள்ளினீர்கள். “அழுவறதுக்கு பதிலு இத ஆயி.”

அந்தத் தணிக்கை நாளுக்கு வருகிறேன். எங்களிடம் பாகங்கள் வாங்கும் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். டேப் சோதனையை அவர்கள் முன்னால் செய்துகாட்ட வேண்டியவள் நான். அது நன்றாகப் போனால் நிரந்தரத்துக்கு என் பெயரைப் பரிந்துரைப்பதாக மேலாளர் சொல்லியிருந்தார். காலை ஷிப்ட். ஐந்தரை மணிக்கு யாழினி எழுந்துவிட்டாள். நான் தலைவாரிக்கொண்டிருக்கும்போதே என் இடது கையைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டு கடிகாரம் வரைந்தாள். “இது இருந்தா நீ லேட்டே ஆக மாட்டம்மா.” அவளைத் தூக்கிக்கொண்டு போய் உங்கள் வீட்டில் விட்டேன். அந்த வாரம் உங்களுக்கு மதிய ஷிப்ட். கையில் இருந்த இரண்டு மஞ்சளில் ஒன்றை உங்கள் கதவில் மாட்டினேன், இன்னொன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

கம்பெனி வாசலில் அட்டையைக் காட்டியதும் இயந்திரம் சிவப்பாக எரிந்து கத்தியது. இன்னொரு தரம் காட்டினேன், இன்னொரு தரம் கத்தியது. காவலாளி அட்டையை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

“இன்னாம்மா, ஒரே ராத்திரில இப்டி மாறிட்டீங்க?”

அட்டையிலிருந்து நீங்கள் என்னை முறைத்தீர்கள்.

வேறு நாளாக இருந்தால் தற்காலிக அட்டை கொடுத்து விட்டிருப்பார்கள். தணிக்கை நாளில் அது கிடையாது என்று உத்தரவு. ஒன்பது மணிக்குத் தணிக்கையாளர் வந்துவிடுவார். காவலறை போனிலிருந்து உங்களைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் நீங்கள் சிரித்த சிரிப்பு காவலாளிக்குக்கூடக் கேட்டது.

“இரு, எட்த்துகினு வரேன்.”

“குழந்தைங்க?”

“அதுங்கள இன்னா, அண்டால போட்டு மூடி வச்சிட்டா வர முடியும்? மூணையும் இட்டுகினுதான் வரணும்.”

“ஜெசிந்தாகிட்ட விட்டுட்டு வாங்கக்கா.”

“அவ நைட் முடிச்சி இப்பதான் வந்தா. கதவுல டேக் தொங்குது. தட்ட மாட்டேன்.”

உங்கள் சட்டத்தை நீங்களே மீற மாட்டீர்கள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “யாழினிய மட்டும் யார் கண்ணுலயும் படாம பாத்துக்குங்கக்கா. இங்க தெரிஞ்சா எல்லாம் போச்சு,” என்றேன். “அத நான் பாத்துக்கறேன்,” என்று போனை வைத்துவிட்டீர்கள்.

நீங்கள் வந்த கதையை அதன்பிறகு நூறு தடவையாவது சொல்லியிருப்பீர்கள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளமாக. வேறு ஏதோ ஒரு கம்பெனியின் பஸ் ஒரகடம் பக்கம் போவதற்காக வந்திருக்கிறது. அதன் முன்னால் போய் மஞ்சள் டேக்கை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். ஓட்டுநர் தலையை நீட்டி, “யம்மா, இது உங்க கம்பெனி பஸ் இல்ல,” என்றிருக்கிறார். “தெரியும்பா, எங்க கம்பெனி டேக்கும் இது இல்ல. இது ஒம்போது மணிக்குள்ள போய்ச் சேரலன்னா ஒரு பொண்ணுக்கு வேல பூடும். ஏத்திக்கிறியா, இல்ல சக்கரத்துக்கு முன்னால குந்தட்டுமா?” ஜெசிந்தாவின் இரண்டு வயது ஜெரோமை முன் சீட்டுக்காரர் மடியில் வாங்கிக்கொண்டாராம். யாரோ பிஸ்கெட் கொடுத்தார்களாம். பஸ் முழுக்கப் பேசி முடிவெடுத்து, தங்கள் வழியை விட்டு விலகி எங்கள் வாசல்வரை வந்து விட்டார்கள்.

எட்டரை மணிக்குமேல் இருக்கும். தணிக்கையாளரை வரவேற்பதற்காக மேலாளர் வாசலுக்கு வந்து, நான் ஏன் வெளியே நிற்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த அந்நிய பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. எல்லா ஜன்னலிலும் தலைகள். ஜெரோம் உங்கள் இடுப்பில், தேவி உங்கள் முந்தானையில். எல்லாருக்கும் முன்னால், என் டேக்கைத் தன் கழுத்தில் முட்டிவரை தொங்கவிட்டுக்கொண்டு யாழினி நடந்து வந்தாள். ‘அம்மா’ என்று ஒரு கத்து கத்தப்போகிறாள், இரண்டு வருடப் பொய் வாசலிலேயே உடையப்போகிறது என்று நின்றேன்.

அவள் கத்தவில்லை. என் முன்னால் வந்து நின்றாள். டேக்கைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினாள்.

“ஆன்ட்டி, இந்தாங்க உங்க டேக்.”

ஆன்ட்டி. உங்க. இந்தாங்க. என்னிடம் அவள் ஒருநாளும் பேசியிராத மரியாதை. அதை ஒரு பிசிறில்லாமல் சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் உங்களைத் திரும்பிப் பார்த்தாள். சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற பார்வை. வரும் வழியெல்லாம் நீங்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். நான் கேட்டதைத்தான் செய்திருக்கிறீர்கள். டேக் கைக்கு வந்துவிட்டது. மேலாளருக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் ‘தேங்க்யூ பாப்பா’ என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம்.

போக முடியவில்லை அக்கா. அப்படியே சிமென்ட் தரையில் மண்டியிட்டுவிட்டேன். “ஆன்ட்டி இல்லடி தங்கம். அம்மா. நான் அம்மாடி,” என்றேன். மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன். பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டதாகப் பிற்பாடு நீங்கள் சொன்னீர்கள்.

யாழினிக்குத் திக்கென்றாகிவிட்டது. என் காதருகே வந்து, “அம்மா, அத சொல்லக் கூடாதும்மா. சாக்லேட் தர மாட்டாங்க,” என்றாள்.

மேலாளர் அங்கேயே நின்றார். “உங்க பொண்ணா?”

“ஆமா சார்.”

“ஃபார்ம்ல...”

“இல்லைன்னு போட்டேன் சார்.”

அவர் அடுத்து என்ன சொல்லியிருப்பாரோ, நீங்கள் விடவில்லை. ஜெரோமை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு முன்னால் வந்தீர்கள். “சார், திட்றதா இருந்தா சாய்ங்காலம் திட்டுங்க. இப்ப உள்ள வுடுங்க. மூணு கொயந்தைங்கள இட்டுகினு அடுத்தவன் பஸ்ஸ நிறுத்திகினு வந்துகீறேன். மதியம் எனக்கும் ஷிப்ட் கீது.”

மேலாளர் உங்களை உற்றுப் பார்த்தார். “நீங்க நம்ம கேன்டீன்ல இருந்தவங்கதானே?”

“ஆமா. ரெண்டாவது கரண்டி சாம்பாரு கேக்காமலே ஊத்துவேனே, நான்தான்.”

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, “லேபுக்குப் போங்கம்மா,” என்று என்னிடம் சொன்னார். உங்கள் பழைய டேக்கை உங்கள் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

தணிக்கைக்கு வந்தவர்கள் முன்னால் தகட்டைக் கீறினேன். ஒரு கோடுகூட வளையவில்லை. மறைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத கைக்கு ஒரு தனி உறுதி வந்துவிடுகிறது போலும். டேப்பைப் பிய்த்தேன், ஒரு கட்டமும் பெயரவில்லை. தணிக்கைக்கு வந்த பெரியவர் தகட்டைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். “பெயின்ட் ஷாப்ல வாட்ச் கட்டக் கூடாதே,” என்றார் கடுமையாக. மோதிரம், வளையல், கடிகாரம் எதுவும் அங்கே கூடாது, பெயின்ட்டில் கீறல் விழும். நான் கையை நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து பார்த்தார். “சரி, இது கீறாது,” என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அவருக்குப் பின்னால் நின்ற மேலாளர் அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தார்.

சாயங்காலம் அவர் கூப்பிட்டு, “ஏம்மா இல்லைன்னு சொன்னீங்க?” என்று கேட்டார்.

“கேட்டாங்க சார், அதனால.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “என் பையனுக்கு நாலு வயசு. என்கிட்ட யாரும் கேட்டதில்ல,” என்றார்.

நான் வீடு வந்து சேர்ந்தபோது நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள். யாழினி ஜெசிந்தா வீட்டில் வாயெல்லாம் சாக்லேட்டோடு உட்கார்ந்திருந்தாள். கதவில் மஞ்சள் டேக் சரியாகத் தொங்கிற்று. மறுநாள் பம்படியில் நீங்கள்தான் முதலில் ஆரம்பித்தீர்கள், வழக்கமான சத்தம் இல்லாமல். “கொயந்தைக்குப் பொய் சொல்லக் கத்துக் குட்த்துட்டேன் பி.எஸ்சி. எனக்கு ஒரு மாதிரியா கீது.” பிறகு கொஞ்சம் யோசித்து, “ஆனா சாக்லேட்டு வாங்கிக் குட்த்துட்டேன். கொயந்த அதோட வேலைய ஒழுங்காத்தான் செஞ்சுது. நீதான் கெட்த்துட்ட,” என்றீர்கள். இருவரும் சிரித்த சிரிப்பில் குடம் வழிந்தது.

நிரந்தர உத்தரவு இரண்டு மாதம் கழித்து வந்தது. காகிதத்தைக் கொண்டுவந்து உங்களிடம் நீட்டினேன். நீங்கள் அதைப் படிக்கவில்லை. “அப்ப இனிமே உனக்குக் காச்சலே வராதா?” என்றுதான் கேட்டீர்கள்.

அதற்குப் பிறகுதான் உங்கள் ஆசை வெளியே வந்தது. கிடங்குகளில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்ட வேண்டும். எத்தனை நாளாக அதை மனதில் வைத்திருந்தீர்களோ! “கேன்டீன் ஜன்னல்லேர்ந்து தெனம் பாப்பேன். யானை கட்டைய தூக்கற மாதிரி தூக்கும். அதுமேல குந்தி ஓட்றவன் ஒருத்தனும் அத ரசிக்கறதில்ல,” என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி. தேவியை நாங்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். உங்கள் வீட்டுக்காரருக்கு ஜெசிந்தாவே சோறு போட்டு, “அண்ணாச்சி, பாத்திரத்தக் களுவிக் கொடுங்க,” என்று கையில் கொடுத்தாள். அவரும் கழுவினார். பத்து நாளில் அவர் கழுவிய பாத்திரம்தான் அந்த லைனிலேயே பளபளப்பு. ஒரகடத்தில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. முதல் வாரத்தில் நான் பார்க்க வந்தேன். மஞ்சள் தொப்பியோடு அந்த யானைமேல் உட்கார்ந்து வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். என்னைப் பார்த்ததும் ஹாரனை விடாமல் அடித்தீர்கள். உங்கள் மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

பிறகு எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். லைன் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். நாங்கள் அதே ஊரில் வேறு தெரு, ஜெசிந்தா ஸ்ரீபெரும்புதூர். போன வருடம் உங்களுக்கு உடம்புக்கு வந்து மருத்துவமனையில் படுத்தபோது ஆறு வீட்டில் மூன்று வீடு திரும்பவும் ஒன்றுசேர்ந்தது. காலை ஷிப்ட் ஜெசிந்தா, மதியம் நான், மற்ற நேரம் தேவி. கட்டில் கம்பியில் யாருடைய டேக் தொங்குகிறதோ அவர்தான் அப்போது பொறுப்பு. நர்ஸ் பெண் புரியாமல் பார்த்தபோது, “ஷிப்ட் மாறிட்சிமா. இப்ப பி.எஸ்சி டூட்டி. எதுன்னா கேக்கறதுன்னா இவள கேளு, எனக்கு ரெஸ்ட்டு,” என்று விளக்கினீர்கள்.

கடைசி வாரத்தில் ஒரு மதியம் கேட்டீர்கள். “இப்ப நான்தான் கொயந்த. நான் பூட்டா என் டேக்க எந்த வூட்டுக் கதவுல மாட்டுவீங்க?”

நான் உங்கள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். ஜெசிந்தாதான் சமாளித்தாள். “எங்க வீட்டுல மாட்டுதேன்க்கா. ஆனா தெனம் சாயந்தரம் ஜெபத்துல உக்காரணும், சம்மதமா?”

“அய்ய, அவ்ளோ நேரம் முட்டி போட என்னால ஆவாது. பி.எஸ்சி வூட்லயே மாட்டு,” என்றீர்கள்.

இன்று அந்தப் பெண்ணைத் தேர்வு செய்துவிட்டோம். தகட்டை அவள் கீறிய கோடுகள் அத்தனை நேர். குழந்தை பற்றிய கேள்வி இப்போது நம் படிவத்தில் இல்லை, இனி யாரிடமும் கேட்க வேண்டாம் என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். தலையாட்டியதற்கு என்ன அர்த்தம் என்று அடுத்த தேர்வில்தான் தெரியும். வாசல்வரை அவளோடு நடந்தேன். நான் மண்டியிட்ட அதே இடம், இப்போது டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். அங்கே நின்று, “பெயின்ட் ஷாப்ல வாட்ச் கட்டக் கூடாதும்மா. ஆனா இது பரவாயில்ல, கீறாது,” என்றேன்.

அவள் முகம் வெளிறிப்போயிற்று. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரித்தாள். “பொண்ணு மேடம். மூணு வயசு. இப்ப எங்க வீட்டுக்காரர் பாத்துக்கறாரு, அவருக்கு ரெண்டு மணிக்கு பஸ்.”

“பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்க?”

“தெரியல மேடம். வல்லத்துக்கு வந்து ஒரு மாசம்தான் ஆகுது. எல்லாரும் ஷிப்டுக்குப் போறவங்க, கதவு சாத்தியே இருக்கும்.”

சாத்திய கதவுக்கு உள்ளே என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியாதா அக்கா! என் கைப்பையில் எப்போதும் இரண்டு மூன்று பழைய டேக்குகள் கிடக்கும். ஒரு பச்சையை எடுத்துக் கொடுத்து, நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். சொந்தக் கதவில் தொங்கினால் என்ன, அடுத்த கதவில் தொங்கினால் என்ன. எங்கள் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் அவள் தெருவிலேயே இருக்கிறார்கள், அவர்களுடைய போன் எண்ணையும் கொடுத்தேன். அவள் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே, “முதல்ல போய் யார் கதவத் தட்டறது மேடம்?” என்றாள். “டேக் தொங்காத கதவ,” என்றேன்.

உங்கள் மஞ்சள் டேக்கை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அது என் வீட்டு வாசல் கதவில் தொங்குகிறது, வெளிப்பக்கம், நீங்கள் முறைக்கிற படத்தோடு. பார்சல் கொண்டுவருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, “அவங்க இல்லையா?” என்று கேட்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் யாழினி அவசரத்தில் அதை இடித்துக்கொண்டு ஓடுவாள், திரும்பி வந்து நேராக்கிவிட்டு மறுபடி ஓடுவாள். கழற்றி உள்ளே பத்திரமாக வைக்கலாமே என்று என் வீட்டுக்காரர் ஒரு தடவை சொன்னார். முடியாது என்றேன். உங்களைத் தேடிக்கொண்டு யார் வந்தாலும், நீங்கள் எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்று பார்த்ததும் தெரிய வேண்டுமே அக்கா.